நாப்பத்தெட்டு அறுகோணமும் ஒரு மஞ்சப்பையும்

போன மாசம் அக்கா பையன் என்னை வரிசையா நாலு ஆட்டம் ஜெயிச்சான். இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். ஆனா அது நான் டிசைன் பண்ண போர்டு கேம், நானே வெட்டி நானே ஒட்டின டைல், எந்த டைல் எத்தனை இருக்குன்னு நடுராத்திரி எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லுவேன். அப்படி இருந்தும் எட்டாவது படிக்கிற பையன் மஞ்சப்பைக்குள்ள கைய விட்டா அவனுக்கு வேணுங்கறது வருது, நான் விட்டா முட்டு, அதாவது மேல வழி இல்லாத டைல் வருது. நாலாவது ஆட்டம் முடிஞ்சப்போதான் எனக்கு சந்தேகமே வந்துச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன், முதல்ல கேம் என்னன்னு சொல்லிடறேன்.

எங்க ஊர் சிதம்பரம். அங்க இருந்து பிச்சாவரம் பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல சுமார் 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. வீட்டுக்கு எந்த சொந்தக்காரங்க வந்தாலும் கூட்டிட்டுப் போய் போட்ல ஒரு ரவுண்டு காமிச்சு அனுப்பறது எங்க வீட்டு சம்பிரதாயம் மாதிரி. 2022ல உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சர் பட்டியல்ல வேற சேர்ந்துடுச்சு. மூணு வருஷம் முன்னாடி ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் நாலு பேரோட துடுப்பு போட்ல போனப்போ படகுக்காரர் ஒரு குறுகலான வாய்க்கால்ல திருப்பினார், ரெண்டு பக்கமும் சுரபுன்னை வேர் வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கி நிக்குது, மேல கிளை கூடி மூடிடுச்சு, நாலு திருப்பம் தாண்டினதும் ஜெட்டி எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியல. இத்தனைக்கும் சின்ன வயசுல இருந்து போயிட்டு வர்ற இடம்.

"அண்ணே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எப்படி கண்டுபிடிக்கறீங்க"ன்னு கேட்டேன்.

"எங்க தம்பி ஒரே மாதிரி இருக்கு? அதோ பாருங்க, சருகும் நுரையும் அப்படியே நிக்குது, தண்ணி இழுக்கவே இல்ல, அது முட்டு. இந்தாண்ட பாருங்க, இலை நகருது பாருங்க, அது வழி."

அவ்வளவுதான் சொன்னார், திரும்பவும் துடுப்பு போட ஆரம்பிச்சுட்டார். எனக்கு அது மண்டைக்குள்ள உக்காந்துடுச்சு. நான் எக்ஸ்ப்ளோரேஷன் கேம் நிறைய ஆடியிருக்கேன், டைலைத் திருப்பு, ஒட்டு, வந்ததைப் பாருங்கற மாதிரி கேமெல்லாம். அதுல எல்லாம் ஒரு குறை எனக்கு எப்பவும் இருக்கும், தேடற மாதிரி இருக்காது, லாட்டரி சீட்டு சுரண்டற மாதிரி இருக்கும். தெரியாத இடத்துல போறதுன்னா ஒண்ணுமே தெரியாம போறது இல்லையே. கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது, அந்தக் கொஞ்சத்தை வச்சு ஒரு யூகம் பண்ணி படகைத் திருப்பணும், தப்பா போனா "சே, அந்த சருகைப் பாத்தேனே"ன்னு தலைல அடிச்சுக்கணும். அதை டைல்ல கொண்டு வர முடியுமான்னுதான் இந்த மூணு வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

கேம் ரூல் சிம்பிள். ஜெட்டி டைல் நடுவுல, அதுல மூணு வாய். வாய்னா தண்ணி வெளில போற இடம், வாய்க்கால் வாய்ங்கறோமே அதேதான். உங்க டர்ன்ல பையில இருந்து ஒரு டைல் எடுத்து ஏதாவது ஒரு வாய்ல ஒட்டி படகை நகர்த்தணும். திறக்கற டைலுக்கு ஒரு புள்ளி. வத்தம், அதாவது கடல் தண்ணி இறங்கற நேரம் வர்றதுக்குள்ள ஜெட்டிக்குத் திரும்பலைன்னா சேத்துல மாட்டி பாதி புள்ளி போச்சு.

முதல் வெர்ஷன் சதுரம். பழைய தினசரி காலண்டர் அட்டையோட பின்பக்கத்துல அஞ்சு செமீ கட்டம் போட்டு ஸ்கெட்ச் பேனால வரைஞ்சேன். ஒவ்வொரு விளிம்பும் தண்ணி இல்லைன்னா காடு, ரெண்டுல ஒண்ணு. திருப்பி வச்சா ஒண்ணுதானேங்கறதைக் கழிச்சுட்டா மொத்தமே ஆறு வகைதான் வருது. வாயே இல்லாதது, ஒரு வாய், நேர், வளைவு, மூணு வாய், நாலு வாய். வரைஞ்சு முடிச்சு தரையில பரப்பிப் பாத்தா காடு மாதிரியே இல்ல, அண்ணா நகர் தெரு மேப் மாதிரி இருந்துச்சு.

அப்போ அம்மா காபியோட வந்து நின்னு பாத்துட்டு, "என்னடா இது, சிக்குக்கோலத்தைத் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்க"ன்னாங்க. நான் சும்மா சிரிச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, உண்மையிலேயே அதேதான். சிக்குக்கோலத்துல ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் கம்பி எப்படிப் போகுதுன்னு பாத்தீங்கன்னா, நாலு பக்கத்துப் புள்ளியோட சேருது இல்ல சேரல, அவ்வளவுதான் விஷயம். எதோடயும் சேராம சுழிச்சா வட்டம், ஒரு பக்கம் சேர்ந்தா கண்ணீர்த் துளி மாதிரி, அப்படியே ஆறு வடிவம். அம்மா ஐம்பது வருஷமா வாசல்ல குனிஞ்சு போடறதை நான் எக்ஸெல்ல உக்காந்து கண்டுபிடிச்சிருக்கேன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி எல்லாம் 1970கள்லயே கோலத்தை இலக்கணமா எழுதி கம்ப்யூட்டர் சயன்ஸ் பேப்பர் போட்டிருக்காங்க, அதுவும் அப்புறம் தேடினப்போதான் தெரிஞ்சுது. ஆனா கோலத்துக்கும் என் கேமுக்கும் ஒரு அடிப்படைச் சண்டை இருக்கு. கோலத்துல கம்பி எங்கயும் அறுந்து நிக்கக் கூடாது. என் கேம்ல அறுந்து நிக்கற முனைதான் உயிரே. இது பின்னாடி அம்மாவோட ஆடறப்போ பெரிய பிரச்சனையா வந்துச்சு, சொல்றேன்.

தண்ணி தொண்ணூறு டிகிரில திரும்பாது. அதனால அறுகோணத்துக்கு மாறினேன். ஆறு விளிம்பு, ரெண்டு நிலை, திருப்பினா ஒண்ணுன்னு வச்சா 14 வகை. இதை நோட்டுல கையால வரைஞ்சு எண்ணினேன், ரெண்டு தடவை 13தான் வந்துச்சு, ஏன்னு அப்புறம் வரும். ஒரு வாய் ஒரே வகை. ரெண்டு வாய்ல மூணு வகை, சட்டுன்னு மடங்கறது, லேசா வளையறது, நேரா போறது. மூணு வாய் நாலு வகை, நாலு வாய் மூணு வகை, அஞ்சு வாய் ஒண்ணு, அப்புறம் எல்லாமே மூடினது ஒண்ணு, எல்லாமே திறந்தது ஒண்ணு. கடைசி ரெண்டையும் தூக்கிட்டு மிச்சம் 12 வகையையும் வகைக்கு மூணுன்னு 36 டைல் போட்டேன். நியாயமா, சமமா, அழகா.

படு மொக்கை. எந்தப் பக்கம் போனாலும் வழி, மேசை முழுக்க வாய், யாருக்கும் எங்கயும் மாட்டிக்குவோம்ங்கற பயமே இல்ல. பத்து டைல் வச்சப்புறம் என் ஃபிரெண்டு ஃபோனை எடுத்துட்டான். கேம் டிசைன் பண்றவனுக்கு அதைவிட கேவலமான விமர்சனம் கிடையாது.

ஏன் அப்படி ஆச்சுன்னு அடுத்த வாரம் ஊருக்குப் போற ரயில்ல உக்காந்து யோசிச்சேன், விழுப்புரம் தாண்டினப்போ பிடிபட்டுச்சு. ஒரு டைலை ஒட்டறப்போ போர்டுல ஏற்கனவே இருந்த ஒரு வாய் அடைபடுது, டைலோட ஒரு வாயும் அதோட சேர்ந்து காலி. ஆக டைல்ல எத்தனை வாய் இருக்கோ அதுல ரெண்டைக் கழிச்சா அதுதான் போர்டுல கூடற வாய் கணக்கு. ஒரே வாய் இருக்கற முட்டு வச்சா ஒண்ணு குறையும், ரெண்டு வாய் வச்சா கூடவும் இல்ல குறையவும் இல்ல, மூணு வாய் வச்சா ஒண்ணு கூடும். அப்போ மொத்த பைக்கும் சராசரி ரெண்டுன்னா போர்டு அப்படியே தாக்குப்பிடிக்கும், ரெண்டுக்கு மேல போனா ஊதிக்கிட்டே போகும், கீழ போனா செத்துடும். என்னோட 36 டைல்ல சராசரி சரியா மூணு. டைலுக்கு ஒரு வாய்னு கூடிக்கிட்டே போயிருக்கு, காடு எங்க இருந்து வரும், ஏரிதான் வரும்.

இவ்வளவு தெரிஞ்சப்புறம் மனுஷன் நிதானமா இருக்கணும்ல, நான் அப்படியே அந்தக் கோடிக்குப் போனேன். 40 டைல், அதுல 16 முட்டு, 16 ரெண்டு வாய், 8 மூணு வாய். சராசரி 1.8. பயம் வேணும்னு கேட்டேன்ல, வந்துச்சு, ஒரு ஆட்டம் ஏழாவது டைல்லயே முடிஞ்சு போச்சு. நாலு முட்டு வரிசையா விழுந்து ஜெட்டியைச் சுத்தி எல்லா வாயும் அடைஞ்சு, பையில 33 டைல் அப்படியே கிடக்குது, நாலு பேரும் என் மூஞ்சிய பாக்கறாங்க. பிரிண்ட் கடைல காசு குடுத்து ஸ்டிக்கர் ஷீட்ல எடுத்து பைண்டிங் அட்டைல ஒட்டி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க கட்டர் வச்சு வெட்டின டைல் அது, விரல்ல இன்னும் தழும்பு இருக்கு.

மூணாவதா வந்ததுதான் இப்ப இருக்கற செட். 48 டைல். 10 முட்டு, 20 ரெண்டு வாய், 14 மூணு வாய், 4 நாலு வாய். அஞ்சு வாயைத் தூக்கியாச்சு. கூட்டிப் பாத்தா 108 வாய், சராசரி 2.25. அந்தக் கால் எதுக்குன்னா, அம்மாவுக்காக.

அம்மா ஆடற விதம் வேற. நாங்க எல்லாரும் புதுசா எங்கயாவது போகலாம்னு பாப்போம், அம்மா எங்க ரெண்டு முனை பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னு பாத்து அதைக் கொண்டு போய் சேர்த்து வளையமா மூடிடுவாங்க. "அறுந்து நிக்குது பாரு, பாக்கவே நல்லா இல்ல"ம்பாங்க. அவங்களுக்கு அது கோலம். ஆனா ஒரு வளையம் மூடினா வழக்கமான கணக்குக்கு மேல இன்னும் ரெண்டு வாய் காலி. சராசரி சரியா ரெண்டுல வச்ச ஒரு டெஸ்ட் செட்டை அம்மா பதினோரு டைல்ல சாகடிச்சுட்டு, முகத்துல அவ்வளவு திருப்தியோட "முடிஞ்சுது"ன்னாங்க. கோபப்பட முடியுமா. கணக்கு போட்டேன். ஜெட்டில மூணு வாய், 48 டைலும் போட்டா பன்னண்டு வாய் கூடும், மொத்தம் 15. ஒரு வளையத்துக்கு ரெண்டுன்னா அம்மா ஏழு தடவை மூடினாலும் ஒரு வாய் மிச்சம் நிக்கும். இது தோராயம்தான், ஏன்னா தண்ணி விளிம்பு போய் பக்கத்து டைலோட காட்டு விளிம்புல முட்டறதும் உண்டு. மொதல்ல அப்படி வைக்கவே கூடாதுன்னுதான் ரூல் போட்டிருந்தேன். ஆனா அறுகோணத்துல ஒரு குழிக்குள்ள டைல் வைக்கறப்போ மூணு நாலு பக்கம் ஒரே நேரத்துல பொருந்தணும், பொருந்தற டைல் பையிலயே இருக்காது, ஆட்டம் நின்னு எல்லாரும் டைலைத் திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு இருப்பாங்க. கார்கஸோன்ங்கற டைல் ஒட்டற போர்டு கேம் ஆடினவங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும், அதுல எங்கயும் பொருந்தாத டைலைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கலாம்னு வச்சிருப்பாங்க. நான் பொருந்தலைன்னா அந்த இடம் சேறு, வழி அடைபட்டுச்சுன்னு விட்டுட்டேன். பிச்சாவரத்துலயும் சேறு தூர்ந்து வாய்க்கால் அடையறது நடக்கற விஷயம்தானே.

அந்த 13, 14 கதை. வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அழிஞ்ச காட்டைத் திரும்ப வளர்க்க ஒரு வேலை பண்ணாங்க, பிச்சாவரத்துலயே. உப்பு ஏறிக் காய்ஞ்ச இடத்துக்கு கடல் தண்ணி போய் வரணும்னு, நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், அதுல இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால், பாக்க மீன்முள் மாதிரியே இருக்கும். அதைப் பாத்துதான் மூணு வாய் டைல்ல ஒரு வகைக்கு மீன்முள்னு பேர் வச்சேன், நேரா போற ஓடை, அதுல இருந்து சாய்வா ஒரு கிளை. நல்லா வரைஞ்சு எட்டு காப்பி எடுத்துட்டேன். அஞ்சாறு ஆட்டம் ஆடினப்புறம் அம்மாதான் கேட்டாங்க, "ஏன்டா இது எப்பவும் சோத்தாங்கைப் பக்கமாவே சுத்திக்கிட்டு போகுது?" பாத்தா நிஜம். கிளை இடப்பக்கம் இருக்கற மீன்முள்ளும் வலப்பக்கம் இருக்கறதும் எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணாகாது, வலது செருப்பைத் திருப்பி வச்சா இடது செருப்பு ஆகுமா, அதே கதை. நான் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒரே கையை மட்டும் எட்டு தடவை அடிச்சு வச்சிருக்கேன். மூணு வாய் நாலு வகைங்கறது எனக்கு மூணுன்னே வந்ததும் இதாலதான். இப்போ இடது நாலு, வலது நாலு.

ஓதத்தைக் கேமுக்குள்ள கொண்டு வரணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. நம்ம கடற்கரைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரம் சொச்சம், தண்ணி மட்டம் மாறறது ஒரு மீட்டருக்கும் கம்மிதான். ஆனா ஆழமில்லாத ஓடைல அதுவே போதும், வந்த வழி சேறாயிடும். சரி, ஆழமான வாய், ஆழம் கம்மியான வாய், காடுன்னு விளிம்புக்கு மூணு நிலை வச்சா என்னன்னு எண்ணிப் பாத்தேன். 14 இருந்தது 130 ஆயிடுச்சு! பைக்குள்ள 48 டைல் வச்சுக்கிட்டு 130 வகைக்கு எங்க போறது, எந்த டைலும் எதோடயும் சேராது. கார்கஸோன்ல கோட்டை, ரோடு, வயல்னு மூணு நிலை இருக்கேன்னு கேட்டா, அது சதுரம், நாலே விளிம்பு, அதனால 24 வகையோட நிக்குது, அவங்க கைல 72 டைலும் இருக்கு. சுரோன்னு ஒரு கேம்ல இன்னும் சாமர்த்தியம், ஒரு டைலுக்கு எட்டு முனை, அதை ரெண்டு ரெண்டா இணைக்கற வகை திருப்பினதைக் கழிச்சா 35, பெட்டிக்குள்ளயும் சரியா 35 டைல், ஒவ்வொண்ணும் ஒரே தடவை. ஆனா அதுல எல்லா விளிம்பும் ஒரே மாதிரி, எதை எதோட வேணாலும் ஒட்டலாம், விளையாட்டு முழுக்க டைலோட வயித்துக்குள்ளதான்.

அங்கதான் எனக்கு வழி கிடைச்சுது. விளிம்பு வேற, வயிறு வேற. விளிம்புல வைக்கற ஒவ்வொரு வித்தியாசமும் வட்டி போட்டுக் குட்டி போடும், அதே வித்தியாசத்தை டைலோட நடுவுல வச்சா ஒண்ணு ஒண்ணாவே நிக்கும். அதனால வாய் எல்லாம் ஒரே மாதிரி, ஆழம் கம்மிங்கறதை டைலுக்கு நடுவுல ஒரு சேத்துத் திட்டா வரைஞ்சேன், பன்னண்டு டைல்ல மட்டும். ஆறு டர்னுக்கு ஒரு தடவை, ஓதத்துக்கு அடையாளமா வச்ச புளியங்கொட்டையை ஏத்தத்துல இருந்து வத்தத்துக்கு மாத்தணும், வத்தத்துல அந்தத் திட்டு மேல படகு போகாது.

வரையறதுல நான் சுமார்தான், அதனால படம் பத்தி பெருசா ஒண்ணும் சொல்ல இல்ல. ஓடை ஓரத்துல சுரபுன்னையோட வளைஞ்ச வேர், உள்ளுக்குள்ள வெண்கண்டலோட குச்சி குச்சியா மண்ணுல இருந்து மேல கிளம்பற மூச்சு வேர், நிஜத்துலயும் வரிசை அப்படித்தான் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். விளிம்பு 29 மிமீ நீளம், அதுல நடுவுல வாய் 11 மிமீ. கைல வெட்டறப்போ ஒரு மிமீ இங்கயும் அங்கயும் ஆகத்தான் செய்யும், அப்போ ரெண்டு டைல் சேர்ற இடத்துல நீலம் நீலத்தோட சேராம படி படியா அசிங்கமா தெரிஞ்சுது. வாய்க்கு ரெண்டு பக்கமும் கருப்பா ஒரு சேத்துக் கரை வரைஞ்சு விட்டேன், கண் அந்தக் கருப்பைத்தான் பாக்குது, நீலம் விலகினது தெரியறதே இல்ல. இன்னொண்ணு, ஆபீஸ்ல ஒருத்தனுக்கு சிவப்பு பச்சை பிரிஞ்சு தெரியாது, அவனுக்கு என் பச்சைக் காடும் பழுப்புச் சேறும் ஒரே கலர். மூணு ஆட்டம் ஆடிட்டு நாலாவதுலதான் கூச்சப்பட்டுக்கிட்டே சொன்னான். சேத்துல எல்லாம் இப்போ கோடு கோடா கீறல் போட்டிருக்கேன்.

இப்போ அந்த சருகு. படகுக்காரர் சொன்னதை விட மனசு வரலையே. சில வாய்ல சருகு வரைஞ்சேன், சருகு இருந்தா அந்தப் பக்கம் முட்டா இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு. நாலு ஆட்டத்துல பொய்னு தெரிஞ்சு போச்சு. அடுத்த டைல் பையில இருந்து வருது, அதுக்கு நான் வரைஞ்ச சருகு எப்படித் தெரியும்? படம் ஒண்ணு சொல்லுது, பை ஒண்ணு குடுக்குது. சரி, ரெண்டு பை வைப்போம், சருகு வாய்க்கு முட்டு நிறைய இருக்கற பையில இருந்து எடுக்கட்டும்னு பாத்தேன். கணக்குப்படி சரியா வந்துச்சு. ஆடறப்போ ஒவ்வொரு டர்னுக்கும் அம்மா "எந்தப் பைடா, மஞ்சளா வெள்ளையா"ன்னு கேட்டாங்க, அக்கா ரெண்டு தடவை தப்பான பைல டைலைத் திருப்பிப் போட்டா, ஆட்டம் ரேஷன் கடை கவுன்டர் மாதிரி ஆயிடுச்சு. விட்டுட்டேன். யூகமே இல்லாத கேமா, வெறும் அதிர்ஷ்டமா இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு மாதிரி சலிச்சுப் போய்தான் இருந்தேன்.

அப்போதான் அந்த நாலு ஆட்டம்.

மூணாவது செட்டுக்கு நான் எல்லாத்தையும் புதுசா செய்யல, பழைய 40ல இருந்து ஆறு முட்டு டைலை மட்டும் எடுத்துட்டு, மிச்சம் 34ஐ வச்சுக்கிட்டு, குறையற 14 டைலை மட்டும் ஒரு பிரிண்ட் கடைல குடுத்து அட்டைல ஒட்டி வெட்டித் தரச் சொன்னேன். எனக்கு விரல் தழும்பே போதும்னு. பழசு ஒன்றரை மிமீ அட்டை, அதையே போடச் சொல்லி சாம்பிளும் குடுத்தேன். வந்தது ரெண்டு மிமீ. போய் சண்டை போட்டேன், "கைல பாத்தா தெரியவா போகுது சார்"ன்னார் கடைக்காரர். கண்ணுக்குத் தெரியல, உண்மைதான். பைக்குள்ளதானே இருக்கப் போகுதுன்னு நானும் சமாதானம் ஆயிட்டேன்.

பைக்குள்ள இருந்ததாலதான் வினையே. அந்தப் பயலுக்கு விரல்ல தெரிஞ்சிருக்கு. புதுசா அடிச்ச 14ல நாலு ரெண்டு வாய், ஆறு மூணு வாய், நாலு நாலு வாய், அதாவது தடியா இருக்கறதுல ஒண்ணு கூட முட்டு கிடையாது! அவன் அதை ரெண்டாவது ஆட்டத்துலயே கண்டுபிடிச்சுட்டு, மாட்டிக்கிற மாதிரி இருக்கறப்போ மட்டும் தடவித் தடவி தடிச்சதை எடுத்து வழி திறந்துக்கிட்டு போயிருக்கான், மத்த நேரம் நல்ல புள்ள மாதிரி கைக்கு வந்ததை எடுத்திருக்கான். "பைக்குள்ள என்னடா அவ்வளவு நேரம் துழாவற"ன்னு கைய பிடிச்சப்போ சிரிச்சுட்டான்.

"மாமா, நீங்கதான சொன்னீங்க, தண்ணி இழுக்குதான்னு பாத்து போகணும்னு. நான் பாக்கல, தொட்டேன்."

திட்டலாம்னு வாயைத் திறந்தவன் மூடிக்கிட்டேன். கிள்ளை பக்கம் இருளர் பெண்கள் கலங்கின தண்ணில இறங்கி சேத்தைக் கையாலயே தடவி இறால் பிடிக்கறதை சின்ன வயசுல பாத்திருக்கேன், அந்தத் தண்ணில கண்ணு ஒண்ணுத்துக்கும் உதவாது, விரல்தான் பாக்கும். நான் மூணு வருஷமா சருகை வரைஞ்சுக்கிட்டு இருந்தேன், குறிப்பு பைக்குள்ளயே இருந்திருக்கு.

இப்போ ரூல் இப்படி மாத்தியிருக்கேன். ஆளுக்கு மூணு புளியங்கொட்டை. ஒரு கொட்டையை வச்சா பைக்குள்ள கைய விட்டு பத்து எண்ணற வரைக்கும் தடவலாம், இல்லைன்னா முதல்ல தொட்டதைத்தான் எடுக்கணும். ஆனா தடிச்சது எப்பவுமே நல்லதுன்னா எல்லாரும் அதையே தேடுவாங்க, அதனால பத்து முட்டு டைல்லயும் நண்டு வரைஞ்சுட்டேன், ஒரு நண்டுக்கு மூணு புள்ளி. வழி வேணும்னா தடிச்சது, நண்டு வேணும்னா மெல்லிசு. மெல்லிசு 34ல முட்டு பத்துதான், அதனால நண்டு நிச்சயம் இல்ல, யூகம்தான். ஏத்தம் இருக்கறப்போ நண்டுக்குப் போவாங்க, வத்தம் நெருங்கறப்போ பையில கைய விட்டுக்கிட்டு கண்ணை மூடி ஒன்பது பத்துன்னு இழுத்து எண்ணிக்கிட்டே துழாவுவாங்க. அம்மா மட்டும் கொட்டையே செலவு பண்றதில்ல, ஆட்டம் முடியறப்போ மூணும் அப்படியே இருக்கும், வளையம் மூடறதுல இப்பவும் அவங்கதான் ஃபர்ஸ்ட்டு. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்ங்கறாங்க.

போன சனிக்கிழமை அதே பிரிண்ட் கடைக்குப் போனேன், நண்பர்களுக்குக் குடுக்க பத்து செட் வேணும். ஏ3 ஷீட்ல அறுகோணத்தை இடைவெளியே விடாம நெருக்கி அடுக்கினா 45 வருது, எனக்கு வேணுங்கறது 48, அந்த மூணுக்காக இன்னொரு ஷீட் போகுமேன்னு அதுவேற ஒரு கவலையா இருந்துச்சு. ஆனா 34 ஒரு தடிமன், 14 ஒரு தடிமன்னா எப்படியும் ரெண்டு ஷீட்தான், அந்தக் கவலை தானா தீர்ந்துடுச்சு. அதைத்தான் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன், ஒன்றரை மிமீல இந்த 34, ரெண்டு மிமீல இந்த 14, மாறிடக் கூடாதுன்னு.

அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தார். "சார், போன தடவை தடிமன் மாறிப் போச்சுன்னு நின்னு சண்டை போட்டது நீங்கதான?"

ஆமான்னேன்.

"இப்போ மாத்தி மாத்திப் போடணுமா?"

ஆமான்னேன். ரெண்டு தடவை மெஷின்ல ஏத்தணும், வெட்டுக்கூலி தனித்தனியாத்தான் ஆகும்னு பில்லுல எழுதினார். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார்.